72 என்று சொல்லிக் கொடுத்தேன், திருத்திக்கொள்ளுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை, காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரை போடாத காபி. அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு விஷயம் நடந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் செய்தான். "சார், தூங்கிட்டீங்களா? வாட்ச்ல எச்.ஆர்.வி. 24னு காட்டுது சார். பக்கத்து சீட்டுக்காரனுக்கு 70 இருக்கு. ஐம்பதுக்குக் கீழ போனா ஆபத்துன்னு எங்கயோ படிச்சேன். எனக்கு ஹார்ட்ல ஏதாச்சும் கோளாறு இருக்குமோ?" வயது 43. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லையாம். தூங்காததால் எண் இன்னும் இறங்குகிறது, அதைப் பார்த்து இருக்கிற தூக்கமும் போகிறது.

அதே வாரம், என்னோடு பல வருடம் வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மாரடைப்பு. அவர் கையிலும் மகள் வாங்கிக் கொடுத்த வாட்ச் உண்டு. காலையில் மலைக்கோட்டைப் பக்கம் நடக்கும்போது தினமும் கையை நீட்டிக் காட்டுவார். "பாருய்யா, இன்னைக்கும் பச்சை." மாரடைப்பு வந்த அன்று காலையிலும் பச்சைதான்.

ஒருவன் எண்ணைப் பார்த்துப் பயந்தான். இன்னொருவர் எண்ணை நம்பி அசந்துவிட்டார். இரண்டுமே தப்பு என்று எனக்குப் பட்டது. டாக்டராக இருக்கும் நம் பழைய மாணவி ஒருவரைத் தொந்தரவு செய்து, கேட்டு, படித்து, புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் என் பங்குத் தப்பை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி எண்ணச் சொல்வேன். பிறகு பத்துத் தோப்புக்கரணம், மறுபடியும் எண்ணிக்கை. கடைசியில் கரும்பலகையில் எழுதுவேன்: "இதயம் நிமிடத்துக்கு 72 முறை, கடிகாரம் போல் சீராகத் துடிக்கும்." எத்தனை வருடம் எழுதினேனோ, கணக்கில்லை.

72 என்பது சராசரி. அதில் பெரிய குற்றமில்லை. "கடிகாரம் போல்" என்றேனே, அதுதான் தப்பு.

ஆரோக்கியமான இதயம் கடிகாரம் போல் துடிக்காது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சராசரியாக 800 மில்லி விநாடி. உண்மையில் அது ஒருமுறை 770, அடுத்து 830, பிறகு 805 என்று மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது நிதானமாகும். இந்தச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தை அளந்து சொல்வதுதான் இதயத் துடிப்பு மாறுபாடு. வாட்ச் எச்.ஆர்.வி. என்று காட்டுவது இதைத்தான்.

இது ஏன் நல்லது? நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். சிறுமலைக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். 18 கொண்டை ஊசி வளைவு. டிரைவரின் கால் சும்மா இருக்குமா? ஆக்ஸிலேட்டர், பிரேக், மறுபடி ஆக்ஸிலேட்டர். வளைவுக்கு வளைவு வேகம் மாறுகிறது என்றால் டிரைவர் விழித்திருக்கிறார், பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். பஸ் ஒரே வேகத்தில் போனால்தான் நாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

இதயத்துக்கும் அப்படி இரண்டு நரம்பு. பாடத்தில் படித்தீர்களே, பரிவு நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு. பரிவு நரம்பு ஆக்ஸிலேட்டர். எதிர்ப்பரிவு நரம்புகளில் முக்கியமான வேகஸ் நரம்பு பிரேக். நரம்புகளின் கட்டுப்பாடே இல்லாமல் விட்டால் இதயம் தானாக நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 என்று இருக்கிறதென்றால் வேகஸ் நரம்பு ஓயாமல் பிரேக்கில் கால் வைத்திருக்கிறது என்று பொருள். இதய மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு அந்த நரம்பு அறுபட்டுவிடுகிறது. அதனால் அவர்கள் ஓய்வில் இருந்தாலும் துடிப்பு 90, 100 என்றே இருக்கும். மூச்சுக்கு மூச்சு மாறும் அந்த ஆட்டமும் ஏறக்குறைய காணாமல் போய்விடும்.

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இந்த விஷயம் ஏற்கெனவே அனுபவம். பிரசவ வார்டில் வயிற்றில் பெல்ட் கட்டி, காகிதத்தில் குழந்தையின் துடிப்பைக் கோடாகப் போட்டுப் பார்ப்பார்களே? கோடு மேலும் கீழும் நடுங்கிக்கொண்டிருந்தால் நர்ஸம்மா நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போவார். தட்டையாகி, அப்படியே நீடித்தால்தான் டாக்டரைக் கூப்பிடுவார். கருவில் குழந்தை திணறும்போது, துடிப்பின் வேகம் மாறும் முன்பே இந்த ஏற்ற இறக்கம் மாறிவிடுகிறது என்று 1960களிலேயே ஹான், லீ என்ற இருவர் எழுதிவிட்டார்கள்.

பெரியவர்களைப் பற்றி முக்கியமான ஆய்வு 1987ல் அமெரிக்காவில் வந்தது. கிளைகர் என்பவரும் அவரது குழுவினரும் மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேருக்கு 24 மணி நேரம் இ.சி.ஜி. எடுத்து, ஏறக்குறைய இரண்டரை வருடம் கவனித்தார்கள். மாறுபாடு 50 மில்லி விநாடிக்குக் கீழே இருந்தவர்களில் இறப்பு, 100க்கு மேல் இருந்தவர்களைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். அதற்குப் பிறகுதான் இதய டாக்டர்கள் இதைத் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 1996ல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் கூடி, இதை எப்படி அளப்பது என்று விதிமுறையே வகுத்தார்கள்.

பெங்களூர் தம்பி, நீ படித்த "ஐம்பதுக்குக் கீழ்" இந்த மாதிரி ஆய்விலிருந்து வந்ததுதான். ஆனால் அது யாருக்கு? மாரடைப்பு வந்தவர்களுக்கு. எப்படி அளந்தது? நெஞ்சில் ஒயர் ஒட்டி, முழு 24 மணி நேரம். உன் வாட்ச் அளப்பது மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து, ரத்த ஓட்டத்தைப் பார்த்து, சில நிமிடங்களுக்கோ தூங்கும் நேரத்துக்கோ மட்டும். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. ஆப்பிள் வாட்ச் எஸ்.டி.என்.என். என்ற கணக்கைக் காட்டுகிறது. ஃபிட்பிட், கார்மின் காட்டுவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற வேறொரு கணக்கு. இரண்டையும் ஒப்பிடுவது, "உன் வீட்டில் ஐந்து லிட்டர் பால், என் வீட்டில் ஐந்து கிலோ அரிசி, நாம் சமம்" என்பது போல.

ஒரே கம்பெனி வாட்ச் ஆனாலும் பக்கத்து சீட்டுக்காரனோடு ஒப்பிடாதே. வயது ஏற ஏற இந்த எண் எல்லோருக்கும் இறங்கும். பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். காய்ச்சல் வந்தால் இறங்கும். தூக்கம் கெட்டால் இறங்கும். ராத்திரி "பார்ட்டி" முடித்துப் படுத்தால் மறுநாள் காலை வாட்ச் உன்னைக் காட்டிக் கொடுத்துவிடும், வாத்தியாருக்குத் தெரியாது என்று நினைக்காதே. உன் எண்ணை உன்னுடைய போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடு. வாரக்கணக்கில் சரிந்துகொண்டே போனால் தூக்கம், குடி, வேலைச்சுமை இவற்றைக் கவனி. உடம்பில் வேறு தொந்தரவும் இருந்தால் டாக்டரைப் பார். இவ்வளவுதான் அந்த எண்ணுக்கு மரியாதை.

எண் கூடினாலும் சந்தோஷப்பட முடியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒரு கோளாறு இருக்கிறது. அதில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும், துடிப்பு தாறுமாறாகும். அப்போது இந்த எண் உயர்ந்துதான் தெரியும். அது ஆரோக்கியமில்லை, பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும் நோய். மாறுபாடு என்றால் ஒழுங்கோடு கூடிய மாறுபாடு. தாளத்துக்குள் அசைவது வேறு, தாளம் தப்புவது வேறு.

இனி கணக்கு வாத்தியார் கதை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுய்யா, நாலு பேருக்கு உதவட்டும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொன்னார்.

அவருக்குச் சர்க்கரை 18 வருடம். சனிக்கிழமை காலை நடந்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். திடீரென்று சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை. மேல் வயிற்றில் ஒரு கனம். நெஞ்சு வலி? துளிகூட இல்லை. "வாயு"தான் என்று முடிவு கட்டி, ஒரு சோடா குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மதினி கேட்டதற்கு வாட்ச்சைக் காட்டியிருக்கிறார். பச்சை! மறுநாள் நாலு படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. மருமகன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். இ.சி.ஜி. பார்த்த டாக்டர் சொன்னது: "இது நேற்றே வந்த அட்டாக்."

"வலிச்சிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார் நம்ம ஆள். வலிக்கவில்லை, அதுதான் சிக்கல். பல வருடச் சர்க்கரை கால் விரல் நரம்பை மட்டும் அரிப்பதில்லை. இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் மெதுவாக அரித்துவிடும். பிரேக் நரம்பும் போகும், வலியைச் சொல்லும் நரம்பும் மங்கும். மாரடைப்பு சத்தமில்லாமல் வந்துவிட்டுப் போகும். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் ஒரு நாள் தாமதத்தில் செத்துப்போன இதயத் தசை திரும்ப வராது. மலைக்கோட்டைப் பக்கம் என்னோடு வேகமாக நடந்தவர், இப்போது வாசல் வரை வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

வாட்ச் பொய் சொன்னதா? இல்லை. ரத்தக்குழாய் அடைப்பை அது பார்க்கவே பார்க்காது. அது பார்க்காத ஒன்றை அது சொல்லும் என்று நம்பியது நம் தப்பு.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த இதயத் துடிப்பு மாறுபாடு என்ற அருமையான அறிவு, தேவைப்படாத இளவட்டங்களின் மணிக்கட்டில் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. தேவைப்படுகிற சர்க்கரைக்காரர்களுக்கு அப்படி ஒரு சோதனை இருப்பதே தெரியவில்லை. 2023ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். இந்தப் பதிவைப் படிக்கிற எந்த வீட்டிலும் ஒருவராவது இருப்பார்.

அந்தச் சோதனை மிக எளிது. எடின்பரோவில் யூவிங், கிளார்க் என்ற டாக்டர்கள் 1970களிலும் 80களிலும் சர்க்கரை நோயாளிகளுக்காகவே வகுத்த சோதனைகளில் ஒன்று. படுக்க வைத்து இ.சி.ஜி. மாட்டி, ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். ஐந்து விநாடி இழுக்க, ஐந்து விநாடி விட. இழுக்கும்போது ஏறிய துடிப்புக்கும் விடும்போது இறங்கிய துடிப்புக்கும் வித்தியாசம் பார்ப்பார்கள். 15க்கு மேல் என்றால் நல்லது. 10, அதற்குக் கீழ் என்றால் நரம்பில் பாதிப்பு என்று சந்தேகிக்க வேண்டும். வயதானவர்களுக்கு வித்தியாசம் இயல்பாகவே குறையும், அதை டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார். இன்னொரு சோதனைக்கு இ.சி.ஜி.கூட வேண்டாம். படுத்திருக்கும்போது ஒருமுறை பிரஷர், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும். மேல் எண் 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டும்.

டைப் 2 சர்க்கரை என்றால் கண்டுபிடித்த நாளிலிருந்தே இந்த நரம்புப் பாதிப்பைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல். நாம் கால் பாதத்தைக் காட்டுகிறோம், கண்ணைக் காட்டுகிறோம். இதையும் கேளுங்கள். "டாக்டர், எனக்கு சர்க்கரை இத்தனை வருஷம். இதய நரம்பு டெஸ்ட் ஒண்ணு பாக்கணுமா?" கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். வகுப்பில் சந்தேகம் கேட்டால் நான் யாரையும் அடித்ததில்லை, டாக்டரும் அடிக்க மாட்டார். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, சும்மா இருந்தாலும் துடிப்பு 100ஐ ஒட்டி இருக்கிறது, கொஞ்சம் நடந்தாலே ஓய்ந்து போகிறது, இப்படி ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வேறு ஆபரேஷனுக்குப் போனால் மயக்க டாக்டரிடமும் சொல்லுங்கள், அவர் கூடுதலாகக் கவனிப்பார்.

அரசாங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள். நல்ல திட்டம், நான் பலமுறை பாராட்டியிருக்கிறேன். பிரஷர் மெஷின் அவர்கள் பையிலேயே இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை உள்ளவர்களுக்கு, நிற்க வைத்தும் ஒருமுறை பிரஷர் பார்ப்பதைக் கட்டாயமாக்கினால் என்ன? பைசா செலவில்லை, மூன்று நிமிடம் கூடும். நம்ம ஊரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அங்கே படிக்கிற பிள்ளைகள் இந்த மூச்சுச் சோதனையைச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டுபோகலாமே.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2023ல் வந்த "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை இருப்பு வைத்திருக்கிறார்கள். நத்தம் பக்கமோ வேடசந்தூர் பக்கமோ தோட்டத்தில் இருக்கிற நம் உறவுகள், சர்க்கரைக்காரருக்குக் காரணமில்லாத வேர்வை, மூச்சுத் திணறல், மேல் வயிற்றுக் கனம், தாடை வலி என்று வந்தால் சோடா தேட வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். "வாயு" என்ற முடிவை இ.சி.ஜி. எடுத்த பிறகு டாக்டர் சொல்லட்டும்.

சரி, இந்த பிரேக் நரம்பைப் பலப்படுத்த வழி உண்டா? உண்டு, செலவும் இல்லை. தினமும் நடை. ஒழுங்கான தூக்கம். பீடி சிகரெட்டை விடுவது. சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைப்பது. கூடவே மெதுவான மூச்சு. புதுச்சேரி ஜிப்மரில் உடலியங்கியல் துறையினர் மருத்துவ மாணவர்களை மூன்று மாதம் மூச்சுப் பயிற்சி செய்ய வைத்து, 2004ல் முடிவை வெளியிட்டார்கள். மெதுவான மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு எதிர்ப்பரிவு நரம்பின் வேலை கூடியது. வேகமான மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்குக் குறிப்பிடும்படி மாற்றமில்லை. 2001ல் இத்தாலியில் பெர்னார்டி என்பவரின் குழு செய்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்குத் தானாக வந்து நின்றது. ஜெபமாலை உருட்டும் நம் ஊர் அம்மாக்களுக்கும், பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கும் இதயம் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும் போலிருக்கிறது.

ஆனால் மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குப் பதிலில்லை. பயிற்சி செய்கிறேன் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் நான் வீட்டுக்கே வந்து திட்டுவேன். இதயத் தொந்தரவு உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

கடைசியாக ஒருவனைத் தேடுகிறேன். 1994 வாக்கில் ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். நாடி எண்ணும்போது எழுந்து, "சார், மூச்சை இழுத்தா வேகமா அடிக்குது, விட்டா மெதுவா அடிக்குது சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் "ஒழுங்கா எண்ணுடா" என்று உட்கார வைத்துவிட்டேன். அவன் விரலுக்குத் தெரிந்தது என் புத்தகத்தில் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்றால், அன்று நீ எண்ணியது சரி. தப்பு வாத்தியார் மேல். உனக்கு இப்போது 45 வயது இருக்கும். சர்க்கரை, பிரஷர் பார்த்தாயா? பார்த்துவிட்டு இன்பாக்ஸில் சொல்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
திண்டுக்கல்